மாமா அவங்களுக்கு, அத்தை எங்களுக்கு

நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றில் முறை பிரித்தார்கள், மாடுகளைப் பிரித்தார்கள். கடைசியில் என் மாமனார் மாமியாரையும் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பாகம் பிரித்தால் அப்படித்தான் வழக்கம். இரண்டு பிள்ளைகள் என்றால் அப்பன் ஒருவனுக்கு, அம்மா ஒருவனுக்கு. மூத்தவருக்குத் திருப்பதியில் கடை. இளையவரான என் வீட்டுக்காரருக்குச் சித்தூரில் வேலை. நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கிழங்கள் இரண்டும் தனியாகக் கிடக்க முடியாது. பாகம் பேச வந்த ஊர்ப் பெரியவர் முடிவாகச் சொன்னார்: "நைனா திருப்பதிக்குப் போவட்டும், மூத்தவனோட. அம்மா சித்தூர்ல சின்னவன் வூட்ல இருக்கட்டும். வயசான காலத்துக்கு ஒரு வழி ஆச்சி."

வழி ஆச்சாம்! மாமாவுக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. தொண்டையில் எதுவும் சரியாக இறங்காது. புரை ஏறினால் கண் செருகிவிடும். அத்தை ஊட்டினால் மட்டும் இறங்கும். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கரைத்து, அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, ஒரு வாய் வைத்துவிட்டுத் தொண்டையைத் தடவியபடி காத்திருப்பார். "முழுங்குய்யா, ஊர் எங்கயும் ஓடிப் போவாது" என்று திட்டுவார். அந்தத் திட்டுக்குத்தான் மாமா விழுங்குகிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

இது பெரியவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவருக்கு அன்று அவசரம். ஆந்திர ராஜ்யம் மதராஸிலிருந்து தனியாகி எங்கள் ஊரெல்லாம் அந்தப் பக்கம் போயிருந்த நேரம். நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தமிழ் ஊர்களைப் பிரிக்காதே என்று கூட்டத்தில் கத்திவிட்டு வருவார். வந்து உட்கார்ந்து புருஷன் பெண்டாட்டியைப் பிரிப்பார். அடுக்களை வாசலில் நின்ற எனக்கு வயிறு எரிந்தது. மருமகள் வாய் திறக்க முடியுமா? அத்தையோ, மூத்தவர் பெண்டாட்டியான என் ஓரகத்தியிடம் "கூழ் கெட்டியா இருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார்.

சித்தூருக்கு வந்த பிறகு அத்தை தன் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பார். "இன்னேரம் அவரு துன்னுருப்பாரா?" என்பார்.

மாதம் முடியவில்லை. திருப்பதிக்குப் போய் வந்த உறவுக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க நைனா ஒண்ணும் துன்ன மாட்டேங்கிறாரு. வாய்ல வச்சா புரை ஏறுது. ஆள் பாதியாய்ட்டாரு."

அத்தை காதில் விழுந்துவிட்டது. சேலையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார். என் வீட்டுக்காரர் இழுத்தார். "பெரியவர் வச்ச பேச்சும்மா. அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு போலாம். எல்லை விசயமா வெளியூர் போய்க்கினு கீறாரு, வரட்டும். இப்ப நீ போனா, ரெண்டு பேரையும் அண்ணன் தலையில கட்டிட்டேன்னு ஊர் பேசும்."

"ஊர் பேசக்கூடாது, உங்க நைனா செத்தாப் பரவால்ல, அப்படித்தானே?" என்று கத்தினேன். கல்யாணமாகி நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் திருப்பதி பஸ் ஏறிவிட்டேன்.

நடுவழியில் புத்தலப்பட்டில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். ஜனங்கள் இறங்கிப் புளியமரத்தடியில் வெற்றிலை போட்டார்கள். அத்தை இறங்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியையும் விடவில்லை.

"அவரு உசுரோட கீறாரு இல்ல? சாவு வூட்டுக்கு இட்டுக்கினு போறத என்கிட்ட மறைக்கலையே?"

"இல்ல அத்தை, சத்தியமா இல்ல" என்றேன். சத்தியம் செய்துவிட்டேனே தவிர எனக்கே நிச்சயமில்லை. டிரைவர் ஆடி அசைந்து வாளியோடு வந்தபோது அவரை அறையலாம் போல இருந்தது.

திருப்பதி வீட்டில் நுழைந்ததும் ஓரகத்தி ஓவென்று அழுதாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கெட்டியாக, தண்ணியாக, எல்லா விதமாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். "பல்லைக் கடிச்சிக்கிறாரு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். மாமா கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். அத்தை அவரைத் தோளில் தாங்கி முதல் வாய் வைத்தார். புரை ஏறியது. முகம் நீலம் பாரித்துவிட்டது. ஐயோ, கொல்லவா கூட்டி வந்தேன் என்று இருந்தது. அத்தை முதுகைத் தட்டினார், மூச்சு வரும்வரை காத்திருந்தார், மறுபடி வைத்தார். "முழுங்குய்யா. இம்மாந்தூரம் வந்து கீறேன் இல்ல?"

தொண்டை அசைந்தது. இறங்கிவிட்டது.

அதன் பிறகு அத்தை அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. நானும் கூடவே இருந்தேன். மறுவாரம் என் வீட்டுக்காரர் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரியவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"பேச்சுன்னா பேச்சு. நாலு பேர் எதிர்ல வச்ச பாகம். இன்னிக்கு இதை மாத்தினா நாளைக்கு அண்ணன் தம்பிக்குள்ள வெட்டுக் குத்து ஆவும். கிளம்பும்மா."

அண்ணனும் தம்பியும் தரையைப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளைகள் இருவரில் ஒருவர் வாய் திறக்க வேண்டுமே!

அத்தை நாலு பேர் எதிரில் பேசி நான் கேட்டதில்லை. அன்று கூழ்க் கிண்ணத்தை எடுத்து வந்து பெரியவர் கையில் வைத்தார்.

"நீங்களே ஒரு வாய் ஊட்டுங்கண்ணா. இறங்கிச்சின்னா நான் கிளம்பறேன்."

பெரியவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து கூழை எடுத்து நீட்டினார். மாமா அவரையே பார்த்தார். வாய் திறக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. கூழ் பெரியவர் வேட்டியிலேயே சொட்டியது.

பெரியவர் கட்டிலை விட்டு எழுந்தார். பிறகு கிண்ணத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டு, "நீ இங்கயே இரும்மா" என்றார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.