மூன்று படி ஏறிய சூளை

போன மாதம் கல்லடியில் எங்கள் வளவுக்குள் ஒரு சூளை கட்டினோம். கட்டினோம் என்பதில் என் பங்கு, கடதாசியில் படம் கீறிக் கொடுத்தது மட்டும்தான். மிச்சமெல்லாம் அத்தான். அக்காவின் புருஷன், ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாம் கேள்வி கேட்டு முடிக்குமுன் பதிலை எடுத்து நீட்டுகிறவர்.

இந்தப் பக்கத்தைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நான் களிமண்ணில் சிலை செய்கிறவள். இடுப்புக்குக் கீழே அசையாது, சக்கர நாற்காலிதான். எப்படி நடந்தது என்று விசாரிப்பவர்கள் முதலில் "ஷெல்லா?" என்பார்கள். இல்லையென்றால் "சுனாமியா?" மாடு என்று சொன்னதும் முகம் வாடிவிடும். என்ன செய்ய... நடுறோட்டில் படுத்திருந்த மாட்டில் கொண்டுபோய் மோட்டார் சைக்கிளை மோதினேன். மட்டக்களப்பில் இதைவிட இயல்பான விபத்து ஒன்று இருந்தால் சொல்லுங்கள் பார்ப்போம்.

சிலை செய்யக் கால் தேவையில்லை. சுடுவதில்தான் வில்லங்கம். இத்தனை வருடமும் என் சிலைகள் லொறி ஏறி, யாரோ ஒருவரின் செங்கல் சூளையில் செங்கலோடு செங்கலாக வெந்து திரும்பி வந்தன. ஒன்றுக்கு மூக்கில்லை, ஒன்றுக்கு விரலில்லை. கேட்டால், "சின்ன உடைவுதானேக்கா, சீமெந்து பூசிட்டா விளங்காது" என்பார்கள். அதனால்தான் சொந்தச் சூளை. நானே அடுக்கி, நானே தீ மூட்டி, நானே திறக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

மேசன் வந்தார். என் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அத்தானிடம் கேட்டார்:

"ஐயா, தங்கச்சிக்கு எந்த உயரத்தில சூளை வாய் வைக்கோணுமாம்?"

தங்கச்சி இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள்.

"என்ட மடி உயரத்துக்கு" என்றேன். மேசன் அத்தானைப் பார்த்தார். அத்தான் தலையாட்டிய பிறகுதான் பென்சிலை எடுத்தார்.

கால் போனால் காதும் போய்விடும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சீலைக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். "இவங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?" என்று அக்காவிடம் கேட்பார்கள். அக்காவும் சளைக்காமல் தனக்குப் பிடித்த கலரைச் சொல்வாள்.

இடையில் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால்... சூளை தயார். ஆனால் தரையில் இல்லை. பிள்ளையாரைப் போல ஒரு மேடைமேல் குந்தியிருந்தது. ஏறிப்போக மூன்று படி, சீமெந்து பூசி, வழுவழுவென்று.

"என்ன அத்தான் இது?"

"மாரியில வளவுக்குள்ள தண்ணி நிக்கும் புள்ள. சூளை நனைஞ்சா மறுகா ஒண்டுக்கும் உதவாது."

"நான் எப்பிடி ஏறுற?"

"நீ ஏன் ஏறோணும்? நாங்க இரிக்கிறம்தானே."

முழு அன்போடுதான் சொன்னார். அதுதான் பிரச்சினை. கெட்டவரென்றால் இரண்டு கேள்வி கேட்கலாம். என்னை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலுக்காமல் ஏற்றி இறக்குகிற மனிதரிடம் என்னத்தைக் கேட்பது?

முதல் சூட்டுக்கு நான் வைத்திருந்தது, மீன் விற்கிற பெண் ஒருத்தியின் சிலை. இரண்டு மாத வேலை. அத்தான் கலண்டரைப் பார்த்து நல்ல நேரம் குறித்தார். அடுக்கினார், மூட்டினார். நான் கீழே இருந்து சொல்லச் சொல்ல "ஓம் ஓம்" என்றபடி விறகும் தென்னம்மட்டையும் தள்ளினார். நியாயமாகச் சொன்னால், நன்றாகவே எரித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம்வரை ஆறவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். காலை பத்து மணிக்கே அக்கா குங்குமத் தட்டோடு வந்து நின்றாள்.

"பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதுக்கு முதல் திறந்து எடுத்திருவம்" என்றார் அத்தான்.

"இன்னும் சூடு அத்தான். திறக்க ஒண்ணா. வெடிச்சிரும்."

"பதறாத புள்ள. நல்ல நேரத்தில திறந்தா எல்லாம் நல்லா வரும்."

நாற்காலியை உருட்டிக்கொண்டு போனேன். முதல் படியில் சக்கரம் இடித்து நின்றது. அங்கிருந்து சூளை வாய்க்கு நாலடி இருக்குமா? அந்த நாலடியை என்னால் கடக்க முடியவில்லை. அத்தான் வாயை அடைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வாவிக் காற்று குளுகுளுவென்று உள்ளே போனது.

"டக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

கழுத்திலிருந்து இடுப்புவரை இரண்டாகப் பிளந்திருந்தாள் என் மீன்காரி. கூடையிலிருந்த மீனுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. அக்கா ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னாள்: "கண்ணூறு."

மறுநாளே மேசனைக் கூப்பிட்டேன். மேடையோடு எல்லாவற்றையும் உடைத்துத் தரையில் கட்டச் சொன்னேன். மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஐயா எங்க?"

"சந்தைக்குப் போயிட்டார். நீங்க என்னோட கதைங்க."

"அப்ப வெள்ளம் வந்தா?"

"நனையும். மறுகா காயும். வெள்ளம் வருசத்தில நாலு நாள். நான் வருசம் முழுக்க இங்கதான்."

மேசன் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சந்தையிலிருந்து வந்த அத்தான் உடைந்த படிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீன் பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

போன கிழமை இரண்டாவது சூடு. நானே அடுக்கினேன், நானே மூட்டினேன். கையில் இரண்டு கொப்புளம், தலைமயிரெல்லாம் சாம்பல். மறுநாள் பின்னேரம் சூளைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக் காவல் இருந்தேன். அத்தான் இரண்டு தரம் கலண்டர் பக்கம் போய்வந்தார். கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"திறக்கலாமா புள்ள?"

கல்லில் கையை வைத்துப் பார்த்தேன். "இன்னும் இல்ல அத்தான்."

"சரி" என்று ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உண்மையில் சூளை ஆறி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. சும்மா ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்... நல்ல ருசி.