எண்ணெய்க் கறை பட்ட சீட்டு

எங்கள் போர்டு பிரசிடெண்டு பண்ணையார் எத்தனை தேர்தலில் ஜெயித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தோற்ற ஒன்றை மட்டும் சொல்வேன். மற்றதெல்லாம் தேர்தலே இல்லை. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்பார்கள். தலை சொறிய நினைத்தவன்கூடக் கையை மடக்கிக்கொள்வான்.

அந்த வருஷம் புதிதாகப் பெட்டி வந்தது. பண்ணையாருக்குப் பச்சை, எதிர்த்து நின்ற காப்பிக்கடைக்காரருக்குச் சிவப்பு. தட்டி மறைவில் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். அம்மா எழுதிவைத்த வீட்டுக்கு வரி கட்டியதால் எனக்கும் ஓட்டு இருந்தது. ஆனால் நாங்கள் தின்ற சோறு, பண்ணையாரிடம் குத்தகைக்கு எடுத்த வயலில் விளைந்தது. முந்தின நாளே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, பச்சையில போட்டுரு. மாத்திப் போட்டது தெரிஞ்சா வயலு போயிரும்."

நானும் பச்சையில் போடுவதாகத்தான் இருந்தேன். சத்தியம்.

அது சாரல் காலம். பெண்கள் ஓட்டை மொத்தமாக வாங்கப் பண்ணையார் ஒரு யோசனை செய்தார். ஓட்டுள்ள பெண்களை வண்டியில் ஏற்றிக் குற்றாலத்து அருவிக்கு அனுப்பினார். தலைக்குத் தேய்க்கத் தம் வீட்டு நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். குளித்ததும் அதே வண்டியில் ஓட்டுச்சாவடிக்குப் போகவேண்டும்.

உச்சந்தலை குளிர எண்ணெய் தேய்த்து, அருவிக்குக் கால் எடுத்து வைத்தோம். கம்பும் கையுமாகப் பண்ணையாரின் ஆட்கள் மறித்தார்கள். அவர் சம்சாரம், பெரிய வீட்டு ஆச்சி, குளிக்க வந்திருக்கிறார். ஆச்சி குளித்து முடிக்கும்வரை பெண்கள் பக்கத்தில் வேறு தலை நனையக் கூடாது என்பது பண்ணையார் போட்ட சட்டம். அதை அன்று ஒரு நாள் தள்ளிவைக்க மனிதருக்குத் தோன்றவில்லை.

எண்ணெய்த் தலையோடு சாரல் காற்றில் நின்று பார்த்தால்தான் தெரியும். எங்களுக்குப் பல் தந்தியடித்தது. உள்ளேயிருந்து ஆச்சி தேய்த்துக் குளிக்கும் பூலாங்கிழங்குப் பொடி வாசம் மட்டும் வந்தது. கடைசியில், ஓட்டுக்கு நேரமாகிவிட்டது, வண்டியில் ஏறுங்கள் என்று பண்ணையாரின் காரியக்காரர் விரட்டினார். குளிக்காமலா என்று கேட்டேன்.

"ஓட்டப் போட்டுட்டு வந்து குளிங்க. அருவி எங்க போயிருது?"

"அருவி போவாது அண்ணாச்சி," என்றாள் பக்கத்தில் நின்ற என் மதினி. "நீங்கதான் போவப்போறிய."

தட்டி மறைவில் பச்சைப் பெட்டிக்கு நேராகத்தான் நின்றேன். எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கி எரிந்தது. துடைத்தேன். துடைத்த கை சிவப்புப் பக்கம் போய்விட்டது. வரிக்காகத் தோற்றார், ரோட்டுக்காகத் தோற்றார் என்று படித்தவர்கள் பின்னால் சொன்னார்கள். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. காப்பிக்கடைக்காரர் ஒன்றும் உத்தமர் இல்லை. அவர் காப்பி வெறும் வெந்நீர். அவர் பண்ணையார் இல்லை, அவ்வளவுதான். நான் வெளியே வந்தபோது ஆச்சியும் ஓட்டுப் போட ஈரக் கூந்தலோடு தம் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

தென்காசியில் சீட்டு எண்ணுவதைப் பார்க்கப் போன வீட்டுக்காரர் பேயறைந்தவர்போல் திரும்பினார். பண்ணையார் தோற்றுவிட்டார். சிவப்புப் பெட்டியில் எண்ணெய்க் கறை பட்ட சீட்டாக வந்ததாம். பண்ணையார் ஒன்றை எடுத்து மோந்தே பார்த்தாராம். அவர் வீட்டு மிளகு வாசம்! வண்டியில் போனவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியாதா? வயல் போயிற்று என்று இரண்டு நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காரியக்காரர் வந்தார். எப்போது நடுகை என்று ஐயா கேட்கச் சொன்னாராம். அவ்வளவுதான். எண்ணெய்ச் சீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். காரியக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேச்சே வேண்டாம் தாயி. செவப்புப் பெட்டியில நனைஞ்ச சீட்டும் ஒண்ணு கெடந்துச்சு. பூலாங்கிழங்கு வாசத்தோட."

எண்ணெய்ச் சீட்டை விசாரித்தால் ஈரச் சீட்டையும் விசாரிக்கவேண்டும். வயல் எங்களிடமே இருந்தது.

அடுத்த சாரலுக்கு அருவியில் கம்பும் இல்லை, ஆளும் இல்லை. ஆச்சி எங்களோடு இடித்துப் பிடித்து நுழைந்து, என்னைத் தள்ளிவிட்டு நல்ல தாரையில் நின்றுகொண்டார்.

"இத்தன வருசம் ஒத்தையில குளிச்சேன்," என்றார். "முதுகு தேய்க்க ஒருத்தி உண்டாட்டி? தேய்ச்சு விடு."

தேய்த்துவிட்டேன். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.