நான் பிழிந்த முந்திரிப்பழம்

என் மகளுக்கு அடிக்கடி உடம்பெல்லாம் தடிப்பு வரும். முந்திரிப்பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய, அலர்ஜி அடங்கிவிடும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கள் கந்தர்வக்கோட்டைத் தோப்பில் பழத்துக்கா பஞ்சம்? டாக்டர் கொடுத்த அலர்ஜி மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் சாறு பிழிந்து கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. நானும் கணவரும் அவளை பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

"பாப்பாவுக்குப் புதுசா எதுவும் குடுத்தீங்களாங்க?" நர்ஸ் கேட்டார்.

மாத்திரையை நிறுத்தாதே என்று படித்துப் படித்துச் சொன்ன கணவர் பக்கத்திலேயே நின்றார்.

"இல்லங்க" என்றேன்.

மகள்தான் திணறிக்கொண்டே, "ஜூஸ்... முந்திரிப்பழ ஜூஸ்" என்றாள்.

ஊசி போட்டதும் மூச்சு சீரானது. அவளுக்கு முந்திரிதான் ஆகாதாம். யாரும் என்னைத் திட்டவில்லை.

சாறு கொடுத்தது தெரியாமல் செய்தது. அந்த "இல்லங்க" தெரிந்தே சொன்னது.