பனியனில் பதிந்த முகம்

எர்மெஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். வயது ஐம்பத்தெட்டு. கார்னியா மலையில் பிறந்தவன். ராணுவத்தில் கழித்த ஒரு வருடம் போக, வெளியூரில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் இருந்தது கிடையாது. மனைவி நிவெஸ் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். குடி, சீட்டாட்டம் என்று எதுவும் அவனிடம் இல்லை. இருந்த ஒரே கிறுக்கு, ஆளரவமில்லாத சாலைகள்.

சைக்கிளில் போனால் சங்கிலிச் சத்தமும் தன் மூச்சும் மட்டும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. மரம் இறக்கப் போட்டு அப்புறம் மறந்துபோன தார்ச்சாலை, மூடிக்கிடந்த பால் சங்கத்துக்குப் போகும் சாலை, கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டி ஏறும் சாலை என்று முப்பது வருடம் தேடித் தேடி, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, மூன்று கணவாய்கள் ஏறி இறங்கும் வட்டம் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தான். எண்பது கிலோமீட்டர். காலை முழுக்க ஓட்டினாலும் எதிரே வருகிற வண்டிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் பாதி டிராக்டர்.

அந்த வட்டத்துக்கு அவன் பெயர் வைக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டான்.

ஆறு வருடத்துக்கு முன் அவன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர் இஜினியோ. கீழே டவுனில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டாக்டர் என்று கூப்பிடும். எர்மெஸுடைய சைக்கிளைத் தராசில் ஒரு பக்கம் வைத்தால், மறுபக்கம் அவருடைய சைக்கிள் இரண்டை வைக்க வேண்டும், அவ்வளவு லேசான உசத்திச் சாமான். ஏற்றத்தில் மூச்சு வாங்குவார். ஆனால் வாய் மட்டும் ஓயாது. எர்மெஸ்தான் அவருக்கு ஒவ்வொரு சாலையாகக் காட்டிக் கொடுத்தான்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே போய்விட்டால் யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்வதில்லை. மந்திரியானாலும் மாடு மேய்க்கிறவனானாலும் 'நீ'தான். ஆயிரம் மீட்டர் கல்லைத் தாண்டும்போது எர்மெஸ் முகத்தில் ஒரு களை வரும். "கல்லு வந்தாச்சு டாக்டர். இனிமே வாய மூடிட்டு மிதி நீ," என்பான். திரும்பிக் கீழே இறங்கினால் பழையபடி, "வரட்டுங்களா டாக்டர்?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. எர்மெஸ் தனியாக மூன்றாவது கணவாய் ஏறி, உச்சியில் ஓந்தினாவின் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வாசலை ஒட்டி ஒரு கூடையில் பழைய செய்தித்தாள்களைப் போட்டு வைத்திருப்பாள். இறக்கத்தில் வியர்த்த நெஞ்சில் குளிர்காற்று அறையும் என்பதால், சைக்கிள்காரர்கள் ஆளுக்கொரு தாளை எடுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்குவார்கள்.

"எர்மெஸ், திணிக்கறதுக்கு முன்னாடி மூணாம் பக்கத்தப் பாரு," என்றாள் ஓந்தினா. "நம்ம டாக்டரு மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாரு."

பார்த்தான். பக்கம் முழுக்க இஜினியோ. ஒரு கை சைக்கிள் மேல், மறு கை இடுப்பில். 'அமைதிச் சாலைகளைக் கண்டுபிடித்த மனிதர்' என்று தலைப்பு. எர்மெஸின் வட்டத்துக்கு 'இஜினியோ வட்டம்' என்று பெயர் சூட்டியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு பலகை திறப்பு, நாற்பது பேர் ஓட்டப்போகிறார்கள், பிறகு சதுக்கத்தில் விருந்து. கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'பேருந்து ஓட்டும் நண்பர் ஒருவரும் சில யோசனைகள் சொன்னார்.'

நண்பர் ஒருவரும். சில. எர்மெஸ் அந்த வரியை நான்கு தரம் படித்தான். காப்பி கசந்தது. தன் பெயரைப் போடவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. அந்த ஆள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற இடம், எர்மெஸ் மட்டும் நிற்கிற இடம்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'வழக்கமாக நீர்த்தொட்டியில் வலது பக்கம் திரும்புவோம். நான் அதை மாற்றிவிட்டேன். இடது பக்கம் போனால் காட்சி பிரமாதம்.'

எர்மெஸ் கோப்பையைக் கீழே வைத்தான். வலது பக்கம் போனால் நிழல் சரிவில் ஏறி, வெயில் சரிவில் இறங்கலாம். இடது பக்கம் போனால் நிழல் சரிவில் இறங்க வேண்டும். அங்கே நான்காவது வளைவில் பாறையிலிருந்து நீர் கசிந்து, வருடம் முழுக்கச் சாலை பாசி பிடித்துக் கிடக்கும். மெதுவாக ஏறுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. ஐம்பது வேகத்தில் இறங்குகிறவன் நேரே ஓடையில்தான் கிடப்பான். ஏன் எப்போதும் வலது பக்கமே என்று இஜினியோ ஒருமுறை கேட்டபோது எர்மெஸ், "எப்பவும் அப்பிடித்தான்," என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான். சாலையைக் கொடுத்தவனுக்குக் காரணத்தையும் கொடுக்க மனம் வரவில்லை.

முதலில் அவன் மனதில் எழுந்தது சந்தோஷம்தான். விழட்டும். பலகை திறந்த அன்றைக்கே, நாற்பது பேர் பார்க்க, மல்லாக்க விழட்டும். மூன்றாம் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினான்.

வீட்டில் சட்டையைக் கழற்றியதும் நிவெஸ் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?"

"கண்ணாடியில பாரு. டாக்டர நெஞ்சுலயே தூக்கிட்டு வந்திருக்க."

வியர்வையில் நனைந்த வெள்ளைப் பனியனில் மை இறங்கி, இஜினியோவின் முகம் இடம் வலமாகப் பதிந்திருந்தது. பல் உட்பட. நிவெஸ் அதை மூன்று தரம் துவைத்துப் பார்த்தாள். மற்றதெல்லாம் மங்கியது, பல் மட்டும் போகவில்லை.

துவைக்கிற நேரத்தில் எர்மெஸ் எல்லாவற்றையும் கொட்டினான். நான்காவது வளைவையும் சொன்னான். நிவெஸ் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாப்பது பேருல நம்ம ஸ்கூலு டீச்சரும் இருக்கா. அவளும் விழணுமா?"

"நான் என்ன தள்ளியா விடறேன்?"

"வாய மூடிட்டு இருக்கறதுக்கு வேற என்ன பேரு? போ. போயி சொல்லு."

போனான். செவ்வாய்க்கிழமை, டவுனில், இஜினியோ வீட்டுத் தோட்டத்தில் நின்றான். முந்நூற்று இருபது மீட்டர் உயரம். "டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தான்.

"வா எர்மெஸ், நல்ல சமயத்துல வந்தே! ஞாயித்துக்கிழமை பேண்டு வாத்தியக்காரங்கள ஏத்திட்டு வர ஒன் பஸ் கெடைக்குமா? உன்னையும் பேப்பர்ல சொல்லியிருக்கேன், பார்த்தியா?"

"பார்த்தேங்க."

அந்த 'ங்க' வழியை மறித்துக்கொண்டது. அதற்குப் பின்னால் இருந்த எதுவும் வெளியே வரவில்லை. பேருந்து கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான். வருகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே எர்மெஸ் நான்காவது வளைவில் இருந்தான். சைக்கிளில் வரவில்லை. முப்பது வருடம் தேடிப்பிடித்த வட்டத்தில் முதன்முதலாகக் கூட்டம் ஓட்டுகிற நாளில், அவன் கையில் இருந்தது கட்டைத் துடைப்பம். பாசியைச் சுரண்டினான். மணல் கொட்டினான். நீர் கசிந்துகொண்டேதான் இருந்தது, பாதிதான் ஆயிற்று. பத்தரை மணிக்கு, மேட்டுப் பக்கமிருந்து சக்கரங்களின் இரைச்சல் கேட்டது. சாலை நடுவில் போய் நின்று துடைப்பத்தைத் தூக்கி ஆட்டினான்.

முதலில் வந்தவர் இஜினியோ. "எர்மெஸ்! தள்ளி நில்லு, போட்டோ எடுக்கறாங்க!"

"பிரேக்கப் புடி!" என்று கத்தினான் எர்மெஸ். "நீ புடிய்யா! ஒனக்குத்தான் சொல்றேன், புடி!"

பிடித்தார். பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கி, மணலில் சிக்கி நின்றது. பின்னால் வந்தவர்களை எர்மெஸ் ஒவ்வொருவராக ஓரம் கட்டி அனுப்பினான். பள்ளிக்கூட டீச்சர் கை காட்டிவிட்டுப் போனாள். ஒருவரும் விழவில்லை. இஜினியோவின் முகம் வெளுத்துவிட்டது.

"இங்க எப்பவும் ஈரமா இருக்குமா?"

"எப்பவும்."

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"அது என்னோட சாலை. அதனால சொல்லல. பத்திரிகையில போட்டே பாரு, அப்புறம் சுத்தமா சொல்லத் தோணல. நீ விழணும்னு நெனச்சேன், தெரிஞ்சுக்க."

ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் அதைச் சொல்ல முடிந்தது. இஜினியோ சைக்கிளை மணலிலிருந்து இழுத்தெடுத்தார். எர்மெஸின் தோளைத் தட்டினார், மெதுவாகச் சைக்கிளை மிதித்துப் போனார். எர்மெஸுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது போலிருந்தது.

அந்த நிம்மதி மத்தியானம்வரைதான் தாங்கியது. சதுக்கத்தில் சீஸும் உருளைக்கிழங்கும் போட்ட அடை வட்டமாக வெந்துகொண்டிருக்க, இஜினியோ மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, நீண்ட யோசனைக்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நமது வட்டத்தை வலது பக்கமாகச் சுற்றுவதே பாதுகாப்பு. பலகையை மாற்றச் சொல்லிவிட்டேன்."

கைதட்டல் சதுக்கத்தைப் பிளந்தது. எர்மெஸ் வாயில் இருந்த அடையை மெல்ல மறந்தான். நிவெஸ் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், எழுந்துவிடக் கூடாதென்று.

"நீண்ட யோசனையாம்," என்றான் எர்மெஸ்.

"யாரும் விழல இல்ல? சாப்பிடு."

இஜினியோ மேடையிலிருந்து இறங்கி வந்து, "எப்பிடி என் பேச்சு?" என்று கேட்டார். அந்த மலையடி ஊர்ச் சதுக்கம் அறுநூறு மீட்டர் உயரம்தான். "நல்லா பேசினீங்க டாக்டர்," என்றான் எர்மெஸ்.

அடுத்த ஞாயிறு ஓந்தினா கூடையிலிருந்து ஒரு தாளைத் தானே எடுத்து நீட்டினாள். நான்காவது வளைவின் படம். நடுவில் இஜினியோ, ஓரத்தில் துடைப்பத்தோடு எர்மெஸ். கீழே எழுதியிருந்தது: 'வட்டத்தின் தந்தை இறங்கி வருகிறார். அருகில், துப்புரவுப் பணியாளர்.'

எர்மெஸ் அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு, தன் முகம் நெஞ்சுப் பக்கம் வரும்படி கவனமாக மடித்து, கறையில்லாத வெள்ளைப் பனியனின் மேல் சரியாக வைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான். இறக்கம் முழுக்க ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்றான். இஜினியோ அச்சு அசலாக விழுந்திருந்தார். எர்மெஸின் முகம் மடிப்பில் மாட்டிக் காணாமல் போயிருந்தது. துடைப்பம் மட்டும் குச்சி குச்சியாகத் தெளிவாகப் பதிந்திருந்தது.

நிவெஸ் கையை நீட்டினாள். "கழட்டு, ஊறப்போடறேன்."

"வேணாம்," என்றான் எர்மெஸ். "தொடப்பம் என்னுது."