கருவாட்டு டப்பாவில் வைத்த அக்காவின் குரல்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். நம் டியூஷன் குழுவில் இருக்கும் ஏழு பேருக்கு மட்டும்தான் எழுதுகிறேன். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். உங்கள் அம்மாவிடம்கூட வேண்டாம்... படித்ததும் அழித்துவிடுங்கள்.

எங்கள் பழைய கம்ப்யூட்டர் சூடானால் ஒரு வாசனை வரும். தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து வேகிற வாசனை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்பா வேலை பார்க்கும் ஆபீஸில் கழித்துப் போட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வாரம் ஒருமுறை அக்கா அதன் பின்பக்கத்தைத் துடைப்பாள். துணியில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருக்கும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு, அக்கா காலேஜ். சனிக்கிழமை மத்தியானம் அம்மா கண் அசந்ததும் நாங்கள் 'ரேடியோ' நடத்துவோம். அக்கா மைக்கை வாயருகே பிடித்துச் செய்தி வாசிப்பாள்.

"அம்மாவுக்குக் கோவம் வந்திருக்கு. மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியாச்சு. அடுப்படிப் பக்கம் யாரும் போவாண்டாம்னு எச்சரிக்கப்படுகிறது..."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் பதிவாகிவிடும். அப்படி நாற்பத்தொரு பதிவுகள். கூடவே போட்டோக்கள். ஒற்றைச் செருப்பை அலை கொண்டுபோன பிறகு மற்றதைக் கையில் பிடித்தபடி அக்கா நிற்பது... அம்மா எடுத்ததால் எங்கள் இருவருக்கும் நெற்றி வெட்டுப்பட்டது...

எல்லாம் டெஸ்க்டாப்பில் அக்காவின் பெயரிலேயே கிடந்தன. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

போன வருஷம் அக்கா தனக்குப் பிடித்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அது உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அப்பா ஆல்பங்களைப் பின்வாசலில் போட்டு எரித்தது தெரியாது. "எனக்கு ஒத்தப் பிள்ளதான்" என்றார். கம்ப்யூட்டரில் இருப்பது அப்பாவுக்கு அப்போது நினைவில்லை. எனக்கு இருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றினேன். அப்பா தொடாத இடம் எது என்று யோசித்தேன். அடுப்படியில் கருவாட்டு டப்பா! பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சாளைக் கருவாட்டுக்கு அடியில் செருகிவிட்டு, என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஏதோ ரசீது தேடி அப்பா கம்ப்யூட்டரைத் திறந்தார். திரையில் அக்காவின் பெயர். உடனே யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம ஆள் வாரான். மொத்தத்தையும் அழிச்சிரச் சொல்லியிருக்கேன்."

நான் டப்பாவைத் தேடி ஓடினேன். கவருக்குள் உப்புத் தண்ணீர் இறங்கியிருந்தது. பென்டிரைவின் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. மறுநாள் பள்ளியில் என் வகுப்புத் தோழி ஜெனியிடம் காட்டினேன். அவள் மோந்து பார்த்தாள்.

"ஏளா, பென்டிரைவுக்கு உப்பு போட்டுக் கருவாடு ஆக்கிட்டியேளா!"

சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு நாள்தான் இருந்தது. வெள்ளி சாயங்காலம் இணையத்தில் ஏற்றப் பார்த்தேன். எங்களுக்கு இருந்த ஒரே இணையக் கணக்கை அக்கா அப்பாவின் போன் நம்பரில் திறந்திருந்தாள். பாஸ்வேர்ட் போட்டதும் ஹாலில் அப்பாவின் போன் கத்தியது.

"ஏளா, என்னமோ ஆறு நம்பர் வந்திருக்கு. என்னது இது?"

ஹாலுக்கு ஓடினேன்.

"ஏமாத்துக்காரனா இருக்கும்பா. யாருக்கும் சொல்லிராதீங்க."

"நானா சொல்லுவேன்?" என்று அவர் அதை அழித்தார்.

சிடி கேட்டுக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப யாரு தாயீ சிடி வாங்குதா? வாங்குனாலும் எதுல போட்டுப் பாப்ப?"

கடைசியில் ஜெனிதான் இரண்டு மெமரி கார்டு கொண்டுவந்தாள். ஒன்று அவளுடைய போனில் இருந்தது, மற்றது அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கியது. அவர்கள் திரேஸ்புரத்துக்காரர்கள், அவள் அப்பா கடலுக்குப் போகிறவர்.

"ஒண்ணு போதும்ளா" என்றேன்.

"ஒத்தக் கயித்துல வள்ளத்தக் கட்டிட்டு எவளா தூங்குவா? ரெண்டுலயும் ஏத்து. ரெண்டையும் ஒரே வீட்ல வைக்காத."

சனிக்கிழமை ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணம். தலைவலி என்று நான் மட்டும் வீட்டில் இருந்துகொண்டேன். இரண்டு கார்டிலும் ஏற்றினேன். அதோடு விடவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு பதிவையும் திறந்து கேட்டேன், ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன். அவர்கள் திரும்பிவரும்போது நெற்றியில் தைலம் பூசிப் படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தார். திரையில் அழிவதைக் காட்டும் கோடு நிரம்பி முடியும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"எல்லாம் போயிட்டாடே?"

"ஒண்ணும் மிச்சமில்ல அண்ணாச்சி. சுத்தமாயிட்டு."

நான்தான் அவர்கள் இருவருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒரு கார்டு என்னிடம் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ஜெனி வீட்டில் இல்லை, அங்கே போய் யாரும் அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அன்று நடுவீட்டில் உட்கார்ந்து மைக்கில் பேசியதை இன்று அம்மாவின் பழைய போனில், ஹெட்போன் மாட்டி, போர்வைக்குள் கேட்கிறேன். அன்று போல்டருக்கு அக்காவின் பெயர் இருந்தது. இன்று 'வேதியியல் அலகு நான்கு'. அன்று எங்களுக்குப் பயமும் இல்லை, நகலும் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன.

பயம்தான்... வரிக்கு வரி கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இதைத் தட்டுகிறேன். இருக்கட்டும். ஒன்று பிடிபட்டால் இன்னொன்று இருக்கிறது. அதுவும் போனால் அக்கா உயிரோடு இருக்கிறாள், நானும் இருக்கிறேன். முதலிலிருந்து பேசிப் பதிவு செய்வோம். எத்தனை தடவை அழித்தாலும் அத்தனை தடவையும்

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா.

கார்டு போனுக்குள்ளேயே இரு