துணி விரித்தால் தர்மர்

"நேத்து வந்த ஐஸ்தாம்மா. பாதி கரைஞ்சிபூட்ச்சி. வேற எங்கனா பாத்து வாங்கிக்க" என்கிறார் தெய்வசிகாமணி, உள்ளங்கையில் சோழிகளைக் குலுக்கியபடியே. வியாபாரி பேசுகிற பேச்சா இது? ஐஸ் கேட்டு வந்த இளம்பெண் சிரித்துக்கொண்டே போகிறாள். வேண்டுமென்றேதான் ஆட்ட நேரம் பார்த்து வந்திருக்கிறாள்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் ஏலம் முடிந்ததும் இவருடைய ஐஸ் கொட்டகையில், உமி மூட்டைகளுக்கு நடுவே, கட்டம் தைத்த பழைய துணி ஒன்று விரியும். ஆளுக்கொரு பாரத வேஷம். கர்ணன், கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. சகுனி எவ்வளவு புளுகினாலும் செல்லும். தர்மர் பொய் பேசக் கூடாது. ஆட்டக்காரர்களிடம் மட்டுமல்ல, துணி விரிந்திருக்கும்வரை யார் வந்து எதைக் கேட்டாலும். வேஷம் தவறியவருக்கு அடுத்த பௌர்ணமிவரை கொட்டகைக்குள் இடமில்லை. மற்றவர்கள் வேஷத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மனுஷர் மட்டும் தர்மரை விடுவதாக இல்லை.

சுபாவத்தில் அரிச்சந்திரனா என்றால், அதுவும் கிடையாது. துணி சுருட்டிக் கிடக்கிற காலை வேளையில் உமியையும் சேர்த்து ஐஸ் என்றே நிறுத்துக் கொடுப்பார். வயது ஐம்பதை நெருங்குகிறது, கல்யாணம் ஆகவில்லை. ஐஸ் உடைத்து உடைத்துக் கை சில்லிட்டுப் போய், டீ கிளாசை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடிக்கிறார். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் தினமும் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிறார். ஐஸ் கடைக்காரருக்கு எதற்கு வெள்ளைச் சட்டை?

"ஏம்ப்பா தெய்வம், ஒருவாட்டி சகுனியா இரேன். வியாபாரமாச்சும் பொழைக்கும்" என்றார், அன்று கர்ணனாக உட்கார்ந்து பீடிக்கட்டு முழுவதையும் தானம் செய்திருந்த ஷாகுல் ஹமீது.

"எனுக்கு இதான் ஒத்துக்கினு கீது, பாய்."

தெய்வசிகாமணி டீ சொல்லப் போன சமயத்தில், வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த என் பக்கம் ஷாகுல் ஹமீது சாய்ந்தார். "எல்லாம் கஸ்தூரியம்மாளுக்காவ. அது நைனா படகுல இவன் கூலி ஆளு. 'எம் பொண்ணு மேல உனுக்கு எதனா நெனப்பு கீதா'னு அவரே ஒருநா கேட்டாரு. பயந்துகினு இல்லன்ட்டான். அத்த அனுப்பம்பட்டுல கட்டிக் குட்த்துட்டாங்க."

புருஷன் இறந்ததும் அந்த அம்மாள் குப்பத்துக்கே திரும்பி வந்து, பொன்னேரிச் சந்தைக்கு மீன்கூடை சுமக்கிறாராம். தினமும் ஆட்ட நேரத்தில்தான் ஐஸ் வாங்க வருவாராம். ஐஸைப் பற்றி மட்டும் கேட்பாராம்.

"இவனா வாயத் தொறக்க மாட்டான். அது கேட்டா, தர்மரு சொல்லியே ஆவணும்ல? அதுக்குத்தான் குந்திக்கினு கீறான்" என்றார் பாய்.

அடப் பாவி மனுஷா! இத்தனை வருஷமா ஒருத்தர் கேள்விக்காகக் காத்திருப்பார்?

அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால் ஆட்டம் சீக்கிரம் கலைந்தது. பாயும் கிளம்பிவிட்டார். தெய்வசிகாமணி துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்த பிறகுதான் கஸ்தூரியம்மாள் வந்தார். கையில் கூடை இல்லை.

"நாளைலேந்து எனுக்கு ஐஸ் எடுத்து வெக்காத. பொண்ணு வூட்டோட போறேன், பொன்னேரிக்கு."

"சரி" என்றார் இவர்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. காத்துக் கிடந்ததெல்லாம் இந்த ஒரு 'சரி'க்குத்தானா? அந்த அம்மாள் வாசல்வரை போனார். படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும். எங்க நைனாகிட்ட அன்னிக்கி, அப்டி நெனப்பே இல்லன்னியே. அது நெசமா?"

தெய்வசிகாமணி மண்டியிட்டு, அந்த அம்மாளின் காலடியில் கிடந்த உமியைக் கையால் ஒதுக்கினார். கக்கத்துத் துணியை எடுத்து உதறி, நாலு மூலையையும் இழுத்து விரித்தார்.