கூனிதானே போட்டேன்

ஏரி இறாலைத் தின்றே வளர்ந்த உடம்பு இது. பிறந்ததும் தீவு, வாழ்க்கைப்பட்டதும் தீவு. நாற்பது வயதுக்கு மேல் இந்த உடம்புக்கு இறால் ஆகாமல் போய்விட்டது என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. இறால் தொக்கு தின்ற ஒரு மத்தியானம் உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்தேன். வீட்டுக்காரர் என்னைப் படகில் போட்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இனி இறால் கூடாது. இறால் கிண்டிய கரண்டி, பொரித்த எண்ணெய்கூட ஆகாது. தடிப்பு கொஞ்ச நாள் வந்து வந்து போகும், அதற்கு மாத்திரை. தொண்டை இறுகினால் மட்டும் மாத்திரையை நம்பி உட்காராமல் உடனே படகேற வேண்டும்.

தடிப்பு சொன்னபடியே வந்தது. ஒன்றுமே தின்னாத நாளிலும் பொழுது சாய்ந்தால் தொடையிலும் முதுகிலும் எழும்பும். சூடு என்றார்கள். கண்ணு பட்டுச்சு என்றார்கள். கண் படுகிற அழகா நான்? அரிப்பு தாங்காமல் எல்லார் மேலும் வள்ளென்று விழுந்தேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவள் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்குக் கூடப்பிறந்தவள் என்று யாரும் இல்லை, எல்லாம் அவள்தான். எனக்கென்று தனிச் சட்டி வாங்கி, இறால் படாமல் சமைத்துக் கொண்டுவருவாள். ஒரு நாள் கத்தரிக்காய்க் குழம்பு. நாலு வாய் தின்பதற்குள் நாக்கு அரித்தது.

"இறாலு போட்டியாடி?"

"ஐய, உனுக்குப் போய் இறாலு போடுவேனாக்கா? ருசிக்குக் கொஞ்சம் கூனிதானே போட்டேன்!"

கூனி என்பது காயவைத்த பொடி இறால். எங்கள் ஊரில் யாரும் அதை இறால் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பு, மிளகாய் மாதிரி அது டப்பாவில் கிடக்கிற சாமான். டாக்டரம்மா கூனி என்று சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த முறை படகில் நினைவு தப்புகிறவரை, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அலறியது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பிழைத்து வந்தேன். ஆனால் சோற்றைக் கண்டாலே பயம். என் அடுப்பில் என் கையால் ஆக்கியதைத் தவிர எதையும் தொடமாட்டேன். அவள் கொண்டுவருவதை ஏதேதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எங்கள் பக்கம் குழம்பை வேண்டாம் என்றால் ஆளையே வேண்டாம் என்றதாகத்தான் அர்த்தம்.

போன மழையில் எனக்குக் காய்ச்சல். எழுந்து உலை வைக்கத் தெம்பில்லை. அவள் அந்தத் தனிச் சட்டியில் கஞ்சி காய்ச்சிச் சொம்பில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"அரிசியும் உப்பும்தாங்கா. கூனி டப்பாவையே தூக்கிப் போட்டுட்டேன்."

வாங்கினேன். என்னையறியாமல் சொம்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"நான் இன்னா, உனுக்கு மருந்தா வச்சிக் குடுப்பேன்?"

சொம்பைப் பிடுங்கி, வாய் வைத்து, பாதிக் கஞ்சியை மடமடவென்று குடித்தாள்.

"பாத்தியா? எனுக்கு இன்னா ஆச்சி? குடி."

மீதியை என் கையில் திணித்தாள்.

அன்று மத்தியானம் அவள் வீட்டில் இறால் குழம்பு. வாசம் சுவர் தாண்டி வந்திருந்தது. சாப்பிட்ட வாயோடு வந்திருக்கிறாள். சொம்பின் விளிம்பில் அவள் உதடு பட்ட இடத்தையே பார்த்தேன். உன் வாய் பட்டது எனக்கு ஆகாதுடி என்று எந்த வாயால் சொல்வது? நல்ல பசி. கஞ்சி சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, எனக்கென்று அவள் வாங்கிய சட்டி கழுவி, என் வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.